சிரிக்கத் தெரிந்த வீரன்



பள்ளி ஆண்டு மலரில் தலைமையாசிரியர் எழுதும் கட்டுரை எதைப் பற்றியதாக இருக்கும் என்பதை, ஏட்டைத் திறக்கும் முன்னரே நீங்கள் ஊகித்துவிடுவீர்கள். ஒழுக்கம், நேரந்தவறாமை, தூய்மை, தாய்மொழிப் பற்று ஆகிய நான்கனுள் ஒன்றாகவே அஃது இருக்கும். இவ்வாண்டு விளையாட்டைப் பற்றி எழுதத் துணிந்துள்ளேன். திடலில் ஆடும் விளையாட்டன்று. கைப்பேசியிலும் கணினியிலும் ஆடும் விளையாட்டு. தலைமையாசிரியருக்கு என்ன நேர்ந்தது என்று பெற்றோர் வியக்க வேண்டா. கட்டுரையின் முடிவில் தாய்மொழிப் பற்றுக்கே வந்து சேர்வேன் என்று முன்கூட்டியே உறுதி கூறுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகின்றேன். வீரனாக வேடமேற்று, படித்து, சிந்தித்து, சிரித்து ஆடும் விளையாட்டு நம் பிள்ளைகளுக்குப் பகையன்று. அத்தகைய விளையாட்டு அவர்கள் கைக்குத் தமிழில் வந்து சேராமையே நமக்கு இழப்பு. அவ்விழப்பை வேறு யாரும் வந்து ஈடுசெய்யும் வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. தோட்டப் பள்ளியாகிய நாமே அதைச் செய்ய இயலும்.

வீட்டுக்குள் வந்த விருந்தாளி

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நாடெங்கும் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன, பாடங்கள் கைப்பேசி வழியே நடந்தன. அதுவரை தந்தையின் சட்டைப்பையில் இருந்த கைப்பேசி, அன்று முதல் பிள்ளையின் புத்தகப்பையில் ஒரு பாடநூலாயிற்று. தொற்று தணிந்தது, பள்ளிகள் திறந்தன, ஆனால் கைப்பேசியோ பிள்ளைகளின் கையை விட்டு இறங்கவே இல்லை. பாடம் போய்விட்டது, விளையாட்டு தங்கிவிட்டது.

'பிள்ளை எந்நேரமும் அதிலேயே கிடக்கிறான், சார்' என்று பெற்றோர் முறையிடும்போது, 'எந்த விளையாட்டை ஆடுகிறான்?' என்று கேட்பது என் வழக்கம். பெரும்பாலும் விடை வருவதில்லை. பிள்ளை என்ன சாப்பிட்டான் என்று அறிவோம். யாரோடு பழகுகிறான் என்றும் விசாரிப்போம். நாள்தோறும் ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ அவன் மனம் எங்கே போய்வருகிறது என்பதை மட்டும் கேட்காமலேயே விட்டுவிடுகிறோம். எல்லா விளையாட்டும் ஒன்றன்று. சுட்டுத் தள்ளிக்கொண்டே போகும் விளையாட்டு ஒரு வகை. காசு கட்டினால் மட்டுமே முன்னேறவிடும் விளையாட்டு மற்றொரு வகை. இவ்விரண்டினின்றும் வேறான ஒரு வகை உண்டு. அதனைப் பற்றியே இங்குப் பேச விரும்புகின்றேன்.

வேடமேற்று ஆடும் விளையாட்டு

ஒருவன் தனக்கென ஒரு பாத்திரத்தைப் படைத்துக்கொண்டு, அப்பாத்திரமாகவே கதைக்குள் நடந்து, ஒவ்வோர் இடத்திலும் தானே முடிவெடுத்து ஆடுவதுதான் வேடமேற்று ஆடும் விளையாட்டு. 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவர் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் விளையாட்டு இதற்கு முன்னோடி. அதற்குக் கணினி வேண்டியதில்லை. தாளும் எழுதுகோலும் பகடையும் போதும். மேசையைச் சுற்றி நண்பர்கள் அமர்ந்து கதை சொல்லிக்கொண்டே ஆடுவர்.

பின்னர் இது கணினிக்குள் புகுந்தது; இணையம் வந்தபோது உலாவிக்குள்ளும் நுழைந்தது. உலாவி என்பது இணையப் பக்கங்களைத் திறந்து காட்டும் செயலி. உலாவியிலேயே ஆடும் விளையாட்டைத் தனியாக இறக்கிப் பதிய வேண்டியதில்லை. விலையுயர்ந்த கணினியும் வேண்டியதில்லை. பள்ளிக் கணினி அறையில் மூலையில் கிடக்கும் பழைய கணினியிலும் அஃது ஓடும். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இது சிறு வசதியன்று.

2003ஆம் ஆண்டில் சேக் ஜான்சன் என்னும் அமெரிக்கர் இவ்வகையில் 'கிங்டம் ஆஃப் லோத்திங்' என்ற ஒரு விளையாட்டை வெளியிட்டார். அதில் கண்ணைப் பறிக்கும் வண்ணப் படங்கள் இல்லை. குச்சியால் கோடு கிழித்தாற்போன்ற கறுப்பு வெள்ளை மனிதர்களே வருவர். அங்கு ஆமைகளைப் பழக்குபவன் ஒரு வீரன். மாவுப் பண்டத்தைக் கொண்டு மந்திரம் செய்பவன் இன்னொரு வீரன். கைத்துருத்தி இசைப்பெட்டியைத் திருடுபவனும் ஒரு வீரனே. அந்நாட்டில் காசுக்குப் பதிலாக இறைச்சியே செலாவணி! அதன் வழியைப் பின்பற்றி, 'டுவைலைட் ஹீரோஸ்' என்னும் விளையாட்டும் பின்னர் வந்தது. இரவு நேரத்தில் நகரைக் காக்கப் புறப்படும் சூப்பர் ஹீரோவாக, அதாவது அதிசய வீரனாக, ஆடுபவர் அதில் வேடமேற்பார். பறப்பதும் மோதுவதும் படமாக ஓடா. எல்லாம் எழுத்தில் வரும். எழுத்திலும் பாதி கேலியாகவே இருக்கும்.

இவ்வகை விளையாட்டில் ஓர் ஆசிரியன் கவனிக்க வேண்டிய கூறுகள் மூன்று.

முதலாவது, படிக்காமல் ஆட முடியாது. ஒவ்வோர் இடத்திலும் என்ன நடந்தது என்று ஒரு பத்தி எழுதியிருக்கும். அதைப் படித்தால்தான் அடுத்த அடி எடுத்து வைக்கலாம்; கேலி புரிந்தால்தான் சிரிக்கலாம். நான் முன்னர்ச் சொன்ன 2003ஆம் ஆண்டின் விளையாட்டில் வேடிக்கையான ஒரு விதி இருந்தது. மற்ற ஆட்டக்காரர்களோடு உரையாட விரும்புபவர் முதலில் எழுத்தறிவுப் பீடம் ஒன்றுக்குச் சென்று, எழுத்துப் பிழை, இலக்கணப் பிழை பற்றிய தேர்வில் தேறிவர வேண்டும். ஒலி ஒன்றாகவும் எழுத்து வேறாகவும் உள்ள சொற்களைச் சரியாக எழுதத் தெரியாதவருக்கு அங்குப் பேச இடமில்லை. லகர ளகர ழகரங்களோடு நாள்தோறும் மல்லுக்கட்டும் தமிழாசிரியர்கள் இவ்விதியைக் கேட்டு ஆறுதல் அடைவார்களாக!

இரண்டாவது, அளவு உண்டு. அவ்விளையாட்டில் நாளொன்றுக்கு அடிப்படையாக நாற்பது வாய்ப்புகளே கிடைக்கும். அவை தீர்ந்தபின் மறுநாள் வரை காத்திருக்க வேண்டும். 'போதும், நாளைக்கு வா' என்று விளையாட்டே சொல்லும்போது, அதைத் தாயார் பிரம்பெடுத்துக்கொண்டு வந்து சொல்ல வேண்டியதில்லை. அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்னும் முதுமொழியை விதியாகவே வைத்துக்கொண்ட விளையாட்டு அது. வாய்ப்புகள் எண்ணப்படுவதால், எதை முதலில் செய்வது, எதை விடுவது என்று ஆடுபவர் திட்டமிடவும் வேண்டியிருக்கிறது.

மூன்றாவது, சிரிப்பு. இங்கு வீரன் தன் வலிமையைக் கண்டு தானே மயங்குவதில்லை. தவறி விழுகிறான், ஏமாறுகிறான், தோற்கிறான், அடுத்த நாள் எழுந்து மீண்டும் வருகிறான்.

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். மேலே சொன்ன விளையாட்டு வளர்ந்தவர்களுக்காக ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. அதில் மதுவைப் பற்றிய கேலியும் உண்டு. அதைத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் ஆட வேண்டும் என்று நான் கூறவில்லை. அதன் அமைப்பைப் பெரியவர்களாகிய நாம் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதே என் கருத்து.

நகைப்பும் வீரமும் நமக்குப் புதியனவா?

அதிசய வீரர்கள் அமெரிக்காவிலிருந்து வந்த புதுமை என்று சிலர் கருதுகின்றனர். சூப்பர்மேன் 1938ஆம் ஆண்டில் ஜெர்ரி சீகல், ஜோ ஷூஸ்டர் ஆகிய இருவரின் கைவண்ணத்தில் பிறந்தவன் என்பது உண்மையே. 1972ஆம் ஆண்டில் சிவகாசியிலிருந்து வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. அவனும் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வந்தவனே. ஆனால் அவனைத் தமிழ்ப் பிள்ளைகள் தமிழில் படித்தார்கள். நாயகன் அயலவனாயினும் அவன் பேசிய மொழி தமிழாக இருந்தது. பாடநூலைத் தள்ளிவைத்த பிள்ளையும் படக்கதையைத் தேடிப் படித்தான். படிக்கும் பழக்கம் அவ்வழியாகவே பலருக்கு வந்தது.

வீரத்தோடு நகைச்சுவையைச் சேர்ப்பதும் நமக்குப் பழைய செய்தியே. தமிழகத்துத் தெருக்கூத்தில் மன்னன் எவ்வளவு முழங்கினாலும், கட்டியங்காரன் இல்லாமல் கூத்து நகராது. கதையை எடுத்துச் சொல்பவனும் அவனே. மன்னனையே கேலி செய்யும் உரிமை பெற்றவனும் அவனே. தோற்பாவைக் கூத்தில் இராமாயணம் நடக்கும்போது உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் இடையில் வந்து சிரிக்க வைப்பார்கள். துன்பம் வரும்போது சிரிக்கச் சொன்ன வள்ளுவரின் மக்கள் நாம். வீரனைக் கண்டு வியக்கவும் அவனோடு சேர்ந்து சிரிக்கவும் நம் முன்னோர் ஒரே மேடையில் கற்றுக்கொடுத்தனர்.

நம் மலேசிய நாட்டிலும் அதிசய வீரர்கள் பெரும்பாலும் சிரிக்க வைப்பவர்களாகவே பிறந்திருக்கிறார்கள். 1998ஆம் ஆண்டில் தொலைக்காட்சிக்கு வந்த 'கெலுவாங் மேன்', பகலில் தம்போய் மனநல மருத்துவமனையில் ஒரு நோயாளி. இரவில் வௌவால் வேடமிட்டுக் குற்றவாளிகளைப் பிடிப்பவன். 2006ஆம் ஆண்டில் கே.ஆர்.யு. நிறுவனம் தயாரித்த 'சிச்சாக் மேன்' திரைப்படத்தின் நாயகன், பல்லி விழுந்த காப்பியைக் குடித்துச் சுவரில் ஏறும் ஆற்றலைப் பெற்றவன். மேலைநாட்டு வீரனைச் சிலந்தி கடித்தது. நம் நாட்டு வீரன் காப்பியைப் பார்த்துக் குடிக்காமையால் வீரனானான்! சாப்பிடும் முன் உணவைக் கவனிக்க வேண்டும் என்ற சுகாதாரப் பாடமும் இதில் அடங்கியுள்ளது.

2011ஆம் ஆண்டு மார்ச் 13ஆம் நாள் டிவி 3இல் 'போபோய்போய்' தொடங்கியது. நிசாம் ரசாக்கும் அவர் நண்பர்களும் அமைத்த அனிமோன்ஸ்தா நிறுவனம் அதைப் படைத்தது. மாணவர்களே, இக்கதையை நான் உங்களுக்குச் சொல்வதைவிட நீங்கள் எனக்குச் சொல்வதே முறை! எனினும் பெற்றோருக்காகச் சுருங்கக் கூறுகின்றேன். ரிந்திஸ் தீவில் தாத்தா தோக் ஆபாவின் கொக்கோ பானக் கடைக்கு வரும் சிறுவன் போபோய்போய். அவன் தோழர்கள் மலாய்ச் சிறுமி யாயா, சீனச் சிறுமி யிங், தமிழ்ச் சிறுவன் கோபால். கொக்கோவைத் தேடி வேற்றுக் கோளிலிருந்து வரும் அடு டு என்பவனை இவர்கள் எதிர்க்கின்றனர். இக்கதையில் பாப்பா ஸோலா என்றொருவர் வருகிறார். அவர் ஒரு மின்னியல் விளையாட்டின் நாயகன். வாய்கிழியப் பேசுவார், வேலையில் தடுமாறுவார். விளையாட்டிலிருந்து வெளியே வந்த அந்த வீரர் கடைசியில் என்ன ஆனார் தெரியுமா? பள்ளியில் கணித ஆசிரியரானார்! இதைப் படைத்தவர்கள் ஆசிரியர்களைப் புகழ்ந்தார்களா, கேலி செய்தார்களா என்று எங்கள் ஆசிரியர் அறையில் இன்னும் முடிவாகவில்லை.

கோபாலும் நாமும்

கோபாலைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். அவனுக்குக் கிடைத்த ஆற்றல், பொருள்களை உணவாக மாற்றுவது. எப்போதும் பசி, எதைக் கண்டாலும் அச்சம், எல்லாவற்றையும்விட அவன் அப்பா குமாரைக் கண்டால் பேரச்சம். இதைக் கண்டு சிலர் மனம் புண்படுவது எனக்குத் தெரியும். 'கூட்டத்தில் ஒரே தமிழ்ப் பையன். அவனைத்தானா பயந்தாங்கொள்ளியாகவும் சாப்பாட்டு இராமனாகவும் காட்ட வேண்டும்?' என்று கேட்கின்றனர். வேறு சிலரோ, 'நகைச்சுவைக் கதையைக் கதையாகப் பாருங்கள். அவனைத்தான் பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கிறது' என்கின்றனர்.

இரு கூற்றிலும் உண்மை உண்டு. அக்கதையில் கோபால் மட்டும் கேலிக்கு ஆளாகவில்லை. யாயா சுடும் பிஸ்கட்டின் சுவைக்கு அஞ்சாதவர் அத்தீவில் இலர். கோபால் அஞ்சினாலும் நண்பனோடு நிற்கிறான். அச்சமே இல்லாதவனுக்குத் துணிவு எதற்கு? அஞ்சிக்கொண்டே வருபவனுக்குத்தான் அது வேண்டும். ஆகவே கோபாலைக் கண்டு நம் பிள்ளைகள் நாணத் தேவையில்லை.

ஆயினும் என் மனத்தை வருத்துவது வேறொன்று. அக்கதையை வைத்து வேடமேற்று ஆடும் கைப்பேசி விளையாட்டும் வந்துவிட்டது. அதில் நம் பிள்ளை கோபாலாக ஆடலாம், போபோய்போயாகவும் ஆடலாம். தமிழ்ப் பெயருள்ள வீரன் அங்கு இருக்கிறான், தமிழ் இல்லை. கோபால் எப்போது அஞ்ச வேண்டும், எதற்குச் சிரிக்க வேண்டும், எந்த மொழியில் பேச வேண்டும் என்பதையெல்லாம் பிறரே எழுதினர். அவர்கள் நல்லெண்ணத்தோடு எழுதினார்கள். நாம் எழுதவில்லை என்பதற்கு அவர்களைக் குறை கூறுவது நியாயமாகாது. பிறர் எழுதிய கதையில் நமக்கு ஒரு பாத்திரம் கிடைப்பது வேறு. நம் கதையை நாமே எழுதுவது வேறு. முன்னது கிடைத்துவிட்டது. பின்னதுதான் இன்னும் கிடைக்கவில்லை.

பெற்றோர் எழுப்பும் தடைகள்

'படிக்கிற பிள்ளையை விளையாட்டில் இறக்கிவிடலாமா?' என்று கேட்பீர்கள். இறக்கிவிட வேண்டியதில்லை, அவர்கள் ஏற்கெனவே இறங்கிவிட்டார்கள். இனி ஆழமறிந்த இடத்தில் நீந்தக் கற்றுக்கொடுப்பதே நம் வேலை.

'கண் கெடும், தூக்கம் கெடும்' என்பீர்கள். உண்மை. ஆகவே நேரம் குறியுங்கள். பாடவேலை முடிந்தபின் அரை மணி நேரம், வீட்டார் அமர்ந்திருக்கும் கூடத்தில் மட்டும், படுக்கைக்குப் போகும்போது கைப்பேசி பெற்றோரிடம் என்று விதி செய்யுங்கள். அவ்விதி பெற்றோருக்கும் பொருந்த வேண்டும். தந்தை ஒரு கையில் சோற்றையும் மறுகையில் கைப்பேசியையும் வைத்துக்கொண்டு மகனைக் கண்டித்தால், மகன் சொல்லைக் கேளான், செயலையே பார்ப்பான்.

'காசு பறிபோகுமே' என்பீர்கள். காசு கேட்கும் விளையாட்டைத் தொடவே விடாதீர்கள். கூலி வாங்கும் நாளில் அரிசிக்கும் மின்கட்டணத்துக்கும் எண்ணி வைத்த வெள்ளி, திரையில் தோன்றும் வாளுக்கும் கவசத்துக்கும் போவது கொடுமை. 'முன்பின் தெரியாதவர் பேசுவரே' என்பீர்கள். பிள்ளை தன் பெயர், பள்ளி, வீடு, படம் ஆகியவற்றை விளையாட்டில் யாருக்கும் தரலாகாது என்று கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள். இவையனைத்துக்கும் மேலாக, வாரம் ஒருநாள் பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்து, 'உன் வீரன் இன்று எங்கே போனான்? என்ன செய்தான்?' என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பிள்ளை தமிழில் விடை சொல்லத் தொடங்குவதே ஒரு நல்ல பேச்சுப் பயிற்சி.

நாமே செய்வோம்

இனி என் வேண்டுகோளுக்கு வருகிறேன். நம் பள்ளியில் தமிழில் ஒரு விளையாட்டைச் செய்வோம்.

இது கனவன்று. 2009ஆம் ஆண்டில் கிறிஸ் கிளைமஸ் என்பவர் 'டுவைன்' என்னும் கருவியை வெளியிட்டார். அது விலையில்லாதது. கதையின் ஒரு பகுதியை ஒரு பெட்டியில் எழுத வேண்டும். அதன் கீழே 'காட்டுக்குள் போ', 'வீட்டுக்குத் திரும்பு' என்று இரு வழிகள் வைக்க வேண்டும். ஒவ்வொரு வழியையும் அடுத்த பெட்டியோடு இணைக்க வேண்டும். முடிந்தபின் அது எந்த உலாவியிலும் திறக்கும் ஒரு பக்கமாகிவிடும். படம் வரையத் தெரிய வேண்டியதில்லை; கணினி மொழியில் புலமை வேண்டியதில்லை; எழுதத் தெரிய வேண்டும், அவ்வளவே.

தமிழ் எழுத்து அங்கே வருமா என்று ஐயுற வேண்டா. உலகெங்கும் கணினிகள் பின்பற்றும் ஒருங்குறி முறையில் 1991ஆம் ஆண்டு முதலே தமிழ் இடம்பெற்றுள்ளது. கணினியில் தமிழ் எழுத வழிசெய்தவர்களுள் ஒருவர் நம் மலேசிய நாட்டவராகிய முத்து நெடுமாறன். அவர் 1985ஆம் ஆண்டில் தொடங்கிய 'முரசு' மென்பொருளும், 2005ஆம் ஆண்டில் கைப்பேசிக்கென வந்த 'செல்லினம்' செயலியும் தமிழர் பலரின் விரல்களுக்கு வழிகாட்டின. கருவி இருக்கிறது, எழுத்து இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள். இல்லாதது தொடக்கம் ஒன்றே.

கதைக்குப் பஞ்சமா? நாம் வாழ்வது கெடா மாநிலம். சோழர் கல்வெட்டில் கடாரம் எனப் பெயர் பெற்ற மண். வடமேற்கே 1,217 மீட்டர் உயர்ந்து நிற்கும் ஜெராய் மலை இருக்கிறது. அதன் அடிவாரத்தில் பழங்கோயில்களின் அடித்தளங்கள் கிடைத்த பூஜாங் பள்ளத்தாக்கு இருக்கிறது. கோரைப்பல் முளைத்த கெடா மன்னன் ராஜா பெர்சியோங்கின் பழங்கதை இருக்கிறது. சமையற்காரியின் விரல் வெட்டுப்பட்டுக் கீரையில் இரத்தம் கலந்ததாம். அதைச் சுவைத்த மன்னனுக்குக் கோரைப்பல் முளைத்ததாம். பின்னர் அவன் அப்பல்லைப் பிடுங்கி எறிந்த இடமே பாலிங் என்று மலாய் மக்கள் சொல்வார்கள். 'பாலிங்' என்றால் எறிதல். விளையாட்டுக்கு இதைவிட நல்ல வில்லன் வேண்டுமா? கீரை சாப்பிட மறுக்கும் பிள்ளைகள் இக்கதையைச் சான்றாகக் காட்டாதிருந்தால் சரி!

வீரன் யார்? அவனைத் தேடி நகரத்துக்குப் போக வேண்டியதில்லை. விடியற்காலை இருட்டில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் சீவப் போனவர்கள் நம் தாத்தா பாட்டிமார். அவர்களுள் ஒருவரை வீரராக்குவோம். அவருடைய ஆற்றல் விடியலுக்கு முன் மிகுதி. வெயில் ஏற ஏறக் குறையும். ஏனென்றால், குளிர்ந்த காலையில்தான் பால்மரத்தில் பால் நன்றாக வடியும். மழை பெய்தால் அவர் ஆற்றல் முழுதும் போய்விடும். மழைநாளில் மரம் சீவ முடியாது என்பதைத் தோட்டத்தில் பிறந்த எவரும் அறிவர். பட்டையை ஆழமாகச் சீவினால் மரம் புண்படும். மேலாகச் சீவினால் பால் வாராது. 'எவ்வளவு ஆழம் சீவுவாய்?' என்று விளையாட்டு கேட்கட்டும். விடை தெரியாத பிள்ளை பாட்டியிடம் ஓடிப்போய்க் கேட்கட்டும். அந்த ஓட்டமே இவ்விளையாட்டின் பெரும்பயன்.

தோட்டத்து உழைப்பாளிகளே, உங்களிடம் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். கெடாவில் பல தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. பால்மரம் நின்ற பல இடங்களில் செம்பனை நிற்கிறது. நம் மக்கள் சுங்கைப்பட்டாணி, கூலிம் போன்ற நகர்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். பெரட்டு, நிரை, மங்கு, ஒட்டுப்பால், லயம் என்னும் சொற்களை இன்று ஆறாம் ஆண்டு மாணவனிடம் கேட்டால், பாதிக்கு மேல் விழிக்கிறான். அச்சொற்களோடு ஒரு வாழ்க்கையே மறைந்துகொண்டிருக்கிறது. பாடநூல் அவற்றைக் காப்பாற்றவில்லை. நாம் அவற்றை எழுதி விளையாட்டில் வைத்தால், பிள்ளை தேர்வுக்காக அல்ல, வெற்றி பெறுவதற்காகவே அவற்றைக் கற்றுக்கொள்வான். 'ஒட்டுப்பால்' என்றால் என்னவென்று தெரிந்தால்தான் கதவு திறக்கும் என்று வைத்துப் பாருங்கள். ஒரே நாளில் பள்ளி முழுவதும் அச்சொல் பரவிவிடும்!

செய்யும் முறையையும் சொல்லிவிடுகிறேன். நான்காம் ஆண்டு மாணவர் தாத்தா பாட்டியரிடம் கதையும் சொல்லும் சேகரிக்கட்டும். ஐந்தாம் ஆண்டு மாணவர் அவற்றைச் சிறு பத்திகளாக எழுதட்டும். ஆறாம் ஆண்டு மாணவர் வழிகளை இணைத்து, புள்ளிகளைக் கணக்கிட்டு, உலாவியில் ஏற்றட்டும். முதல் மூன்று ஆண்டுப் பிள்ளைகள் குச்சி மனிதர்களை வரைந்து தரட்டும். குச்சி மனிதர்களே உலகப் புகழ் பெற்றதை முன்னரே கண்டோம். எழுத்துப் பிழை திருத்தும் பொறுப்பு தமிழாசிரியர்களுடையது. நாளொன்றுக்கு இருபது வாய்ப்புகள் என்ற அளவை நாமே வைத்துக்கொள்வோம். தோட்டத்துப் பெரியவர்கள் முதல் ஆட்டக்காரர்களாக வந்து, எங்கே தவறு, எங்கே சிரிப்பு வரவில்லை என்று சொல்ல வேண்டும். பெற்றோர் ஆசிரியர் சங்கம் கணினி அறையின் நேரத்தைச் சனிக்கிழமைகளில் நீட்டித்துத் தர வேண்டும்.

மாணவச் செல்வங்களே! பறப்பவன் வீரனாகலாம், மலையைத் தூக்குபவனும் வீரனாகலாம். விழுந்தபின் தன்னைக் கண்டு தானே சிரித்து எழுந்து நடப்பவனும் வீரனே. இருட்டில் எழுந்து வேலைக்குப் போய் உங்களைப் பள்ளிக்கு அனுப்பும் தாய் தந்தையர் அத்தகையவர்கள். அவர்கள் கதையை நீங்கள் தமிழில் எழுதுங்கள். அடுத்த ஆண்டு மலர் வெளிவரும்போது, இப்பக்கத்தில் என் கட்டுரைக்குப் பதிலாக, நீங்கள் செய்த விளையாட்டை ஆடும் முறை அச்சாகியிருக்க வேண்டும். அதைவிட மகிழ்ச்சி எனக்கு வேறில்லை.

எழுதுக! சிரிக்க! சிந்திக்க! வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!

அன்புடன்,
தலைமையாசிரியர்